அபாண்டன்வேர்: கைவிட்டதா, தரிசா?

விண்டோஸ் 98 வேண்டுமென்று இணையத்தில் தேடினால் பத்து நிமிடத்தில் கிடைத்துவிடும். பக்கத்திலேயே 'அபாண்டன்வேர்' என்று எழுதியிருக்கும்; விற்பனையும் பராமரிப்பும் நின்றுபோன பழைய மென்பொருளுக்கு வழங்கும் பெயர் அது. பார்த்ததும் "ஆளில்லாத பொருள்தானே, எடுத்தால் என்ன" என்று மனசு சமாதானமாகிவிடுகிறது. அந்தச் சமாதானத்துக்காகவே பிறந்த சொல்லோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

1990களின் பிற்பாதியில், கடைகளில் கிடைக்காமல் போன பழைய கணினி விளையாட்டுகளைச் சேகரித்தவர்கள் பரப்பிய சொல் இது. இதில் வால்போல் ஒட்டியிருக்கும் 'வேர்' நம்மூர் வேர் இல்லை. விற்பனைச் சரக்கைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். சாஃப்ட்வேர், ஷேர்வேர், ஃப்ரீவேர் எல்லாவற்றிலும் இதே வால்தான். 'மென்பொருள்' என்பதில் உள்ள 'பொருள்' அதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

தலைப்பகுதியான 'அபாண்டன்' பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே 'பாந்தோன்' என்றால் ஆளுகை, அதிகாரம். தன் பிடியில் இருப்பதை இன்னொருவர் ஆளுகைக்கு விட்டுக்கொடுப்பதுதான் சொல்லின் மூலப் பொருள். வேடிக்கை என்னவென்றால், அபாண்டன்வேரில் அந்த விட்டுக்கொடுத்தல் நடப்பதே இல்லை. 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் பொது ஆதரவை நிறுத்தியது. நின்றது பழுதுநீக்கமும் பாதுகாப்பு இற்றைகளும்தான். பதிப்புரிமை அப்படியே இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி நிறுவனப் படைப்புக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு உரிமை உண்டு. 1995இல் வந்த விண்டோஸ் 95க்கு அது 2090 முடியும்வரை ஓடும்.

தமிழில் 'கைவிடப்பட்ட மென்பொருள்' என்கிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. உரிமையாளர் கையை எடுக்கவே இல்லையே! நிலத்துக்கு நாம் வைத்திருக்கும் சொற்கள் இதைவிடத் தெளிவானவை. அபாண்டன்வேரைப் புறம்போக்கு என்று நினைத்து நுழைகிறார்கள். உண்மையில் அது தரிசு. உழவில்லை, விதைப்பில்லை, ஆனால் பட்டா ஒருவர் பெயரில் இருக்கிறது. (அரசுத் தரிசும் உண்டு, நான் சொல்வது பட்டாத் தரிசை.) 'தரிசு மென்பொருள்' என்றால், கேட்டதுமே "யார் நிலம்?" என்ற கேள்வி எழும்.

அந்தக் கேள்விக்கு விடை பெரும்பாலும் கணினியின் உடம்பிலேயே ஒட்டியிருக்கும். பழைய பில்லிங் மென்பொருள் ஒன்றுக்காகப் போன வருடம் ஒரு எக்ஸ்பி கணினியைத் தூசி தட்டினேன். பெட்டியின் பக்கவாட்டில் உரிம ஸ்டிக்கர். 25 எழுத்து சாவியில் பாதி தேய்ந்து போயிருந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது 8ஆ, பி-யா என்று புரியாமல் மூன்று முறை தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. கணினியோடு வந்த இந்த வகை உரிமம் அந்தக் கணினியை விட்டு நகராது; வேறு கணினியில் நிறுவினால் செல்லாது. தனியாகப் பெட்டியில் அடைத்து விற்ற சில்லறை உரிமம் என்றால் கைமாறலாம். பழைய விண்டோஸைக் காசு கொடுத்து வாங்குபவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். சட்டப்படி வாங்கிய வட்டு கையில் இருந்தால், கெட்டுப்போவதற்குள் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ள இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது.

இன்னொரு வழி கீழிறக்க உரிமை (டவுன்கிரேடு), அதாவது புதிய பதிப்பின் உரிமத்தில் பழைய பதிப்பை நிறுவிக்கொள்வது. விண்டோஸ் 7 புரொபஷனலோடு வந்த கணினியில் எக்ஸ்பி புரொபஷனலை நிறுவிக்கொள்ள உரிமமே அனுமதித்தது. ஹோம் பதிப்புக்கு அந்தச் சலுகை கிடையாது.

விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸ் மட்டும் போதும் என்பவர்களுக்கு இத்தனை சிக்கல் இல்லை. 1994இல் ஜிம் ஹால் தொடங்கிய ஃப்ரீடாஸ் முழுக்கக் கட்டற்ற மென்பொருள். பழைய டாஸ் நிரல்கள் பெரும்பாலும் அதில் ஓடும். எம்எஸ்-டாஸ் 1.25, 2.0 இரண்டின் மூலநிரலையும் 2018இல் மைக்ரோசாஃப்டே, யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் இடம் தரும் எம்ஐடி உரிமத்தில் வெளியிட்டது. 2024 ஏப்ரலில் 4.00 அந்த வரிசையில் சேர்ந்தது. யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் முதல் ஏழு பதிப்புகளுக்கும் கால்டெரா நிறுவனம் 2002இலேயே இப்படி உரிமம் கொடுத்துவிட்டது. இவற்றையும் பழக்கதோஷத்தில் அபாண்டன்வேர் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். பட்டாதாரரே வேலியைப் பிரித்துவிட்ட நிலம் இது. இதற்குத் 'திறமூலம்' (ஓப்பன் சோர்ஸ்) என்ற சொல் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது.