‘டென்ஸ்’ முடிந்துவிட்டது, கடிதம்தான் எழுத வரவில்லை

சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு ‘ஏ’ பெற்ற மாணவியொருவர், நேர்முகப் பரீட்சைக்கு வர இயலாமற் போனதற்கான காரணத்தை விளக்கி எழுதிய நான்கு வரிக் கடிதத்தைத் திருத்துவதற்காகக் கடந்த வாரம் கொண்டுவந்திருந்தார். அதன் முதல் வரி ‘ஐ டிட் நொட் கேம்’ என்று தொடங்கியது. ‘டென்ஸ்’ எனப்படும் ஆங்கில வினைக் காலங்களைச் சொல்லுமாறு கேட்டபோது, பன்னிரண்டையும் மூச்சுவிடாமல் ஒப்புவித்தார். வன்னியில் ஆங்கிலம் கற்பிக்கும் எவருக்கும் இது புதிதன்று; எனினும் இம்முறை எழுதாமல் இருக்க முடியவில்லை.

“டென்ஸ் எல்லாம் முடிச்சிட்டான் சேர்” என்று பெற்றோர் பெருமையுடன் கூறுகின்றனர். டென்ஸ் முடித்துவிடும் பாடமன்று. காலங்களின் அட்டவணையை ஒப்புவிப்பது நினைவாற்றலைக் காட்டுமேயன்றி, எழுதும் வேளையில் உரிய வினைவடிவம் கையில் வருவதைக் காட்டாது. ‘டிட்’ என்ற சொல்லே இறந்தகாலத்தைக் காட்டிவிடுவதால் அதன் பின் ‘கம்’ என்ற அடிவடிவமே வரவேண்டும் என்னும் விதியை அம்மாணவி அறிந்திருந்தார்; தம்முடைய வாழ்வைப் பற்றிய வசனமொன்றில் அவ்விதியை ஒருநாளும் பயன்படுத்தியிருக்கவில்லை. அட்டவணைப் பழக்கம் இன்னொரு தீங்கையும் செய்கிறது. ‘நேற்றுக் கிளிநொச்சிக்குப் போயிருந்தேன்’ என்று நாம் இயல்பாகக் கூறுவதால், பிள்ளைகள் அதற்கு நிகராகப் ‘பாஸ்ட் பேர்பெக்ட்’ கட்டத்தைத் தேடிப்பிடித்து ‘ஐ ஹாட் கோன்’ என்று எழுதுகின்றனர். ஆங்கிலத்தில் அங்கு ‘ஐ வென்ட்’ போதும். மாங்குளம் சந்தியை நீங்கள் அடைந்தபோது பஸ் ஏற்கெனவே புறப்பட்டிருந்தால், அந்தப் பஸ்ஸுக்கே ‘ஹாட் லெஃப்ட்’ உரியது. இறந்தகால நிகழ்வுகள் இரண்டில் முந்தியதைப் பிரித்துக் காட்டவே அவ்வடிவம் இருக்கிறது.

சொற்பிழைகள் இவ்வளவு சிக்கலானவையல்ல. ‘டிஸ்கஸ்’ என்பதன் பின் ‘எபௌட்’ வேண்டாம். ‘இன்பர்மேஷன்’, ‘அட்வைஸ்’ ஆகியவற்றுக்குப் பன்மை விகுதி வராது. கடன் கொடுப்பது ‘லென்ட்’, வாங்குவது ‘பொரோ’. வங்கிக்கு எழுதும் கடிதத்தில் இவை இடம்மாறினால் கேட்பவர் யார் என்பதே மாறிவிடும்.

உயர்தரத்தில் பொது ஆங்கிலப் பெறுபேறு, பல்கலைக்கழக அனுமதிக்குப் பயன்படும் இசட் புள்ளியிற் சேராது என்பதற்காக அதனைக் கைவிடும் மாணவர்கள், அறிவியல்நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்துக்குத் தெரிவானாலும் விரிவுரைகள் ஆங்கிலத்திலேயே நடைபெறும் என்பதை மறந்துவிடுகின்றனர்.

எனவே, அட்டவணையைச் சில மாதங்களுக்கு மூடிவையுங்கள். சாதாரண நிகழ்காலம், தொடர் நிகழ்காலம், சாதாரண இறந்தகாலம், எதிர்காலம் ஆகிய நான்கை மட்டும் கொண்டு, அன்றைய நாளில் உண்மையில் நடந்தவற்றை ஐந்து வசனங்களில் எழுதுங்கள். மழை பெய்ததா, நெல் காய்ந்ததா, யார் வீட்டுக்கு வந்தார் என்பனவே போதும். கைத்தொலைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியை எழுதி முடிக்கும்வரை தொடாதீர்கள். எழுதியதை மறுநாள் உரத்து வாசித்து, முதலில் வினைச்சொற்களை மட்டும் திருத்துங்கள். எல்லாப் பிழைகளையும் ஒரே நேரத்தில் துரத்துபவர் ஒன்றையும் பிடிப்பதில்லை.

பெற்றோரிடம் ஒரு தயவான வேண்டுகோள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாதிருப்பது ஒரு தடையே அல்ல. எத்தனை பாடம் முடிந்தது என்று கேட்பதை விட்டு, கொப்பியைத் திறந்து, இன்றைய திகதியின் கீழ் ஐந்து வரிகள் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.