அந்த போஸ்டரைக் கழற்றுங்கள், தயவுசெய்து

போன வாரம் ஒரு கடல்சார் பயிற்சிக் கல்லூரியில் கண்காட்சி. முதலாண்டு கேடட் ஒருவன் 'கப்பல் தந்த ஆங்கிலம்' என்று ஆளுயரத்துக்கு ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தான். அழகான கையெழுத்து. மூலையில் நங்கூரம், சுற்றிலும் நிஜக் கயிறு. மொத்தம் இருபது சொற்கள். படித்துக்கொண்டே போனேன். பதினொன்று தப்பு.

"எங்கேப்பா எடுத்த இதெல்லாம்?"

"வாட்ஸ்அப்ல வந்துச்சு சார். ஒரு சீஃப் இன்ஜினியர் அனுப்பினது."

போன வருடமும் இதே பட்டியல்தான், பையன் மட்டும் வேறு. பத்தொன்பது வருடம் கப்பலில் இருந்துவிட்டு இப்போது கேடட்களுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். நேர்முகத் தேர்வில் கேப்டன் எதிரே உட்கார்ந்து இந்தக் கதைகளை ஒப்பிக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. எதிரே இருப்பவருக்கு விஷயம் தெரிந்திருந்தால் அங்கேயே முடிந்தது.

எனக்கு முதல் எதிரி 'முதலெழுத்துக் கதை'. ஆடம்பரத்தைக் குறிக்கும் பாஷ் என்ற சொல்லை 'போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்' (போகும்போது இடப்பக்கம், வரும்போது வலப்பக்கம்) என்பார்கள். இங்கிலாந்திலிருந்து இந்தியா வரும்போது இடப்பக்க அறைக்கும் திரும்பும்போது வலப்பக்க அறைக்கும் வெயில் குறைவு. பணக்காரர்கள் அந்த அறைகளைக் கேட்டு வாங்கினார்கள். பி அண்ட் ஓ கப்பல் கம்பெனி டிக்கெட்டில் இந்த நான்கு எழுத்தை முத்திரை குத்தியது. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! கிழக்கே போகும் கப்பலுக்கு இடப்பக்கம் வடக்கு, அந்தப் பக்கம் வெயில் குறைவு என்பதுகூடப் பெரும்பாலும் சரிதான். ஆனால் அப்படி முத்திரை குத்திய ஒரு டிக்கெட்டை இதுவரை யாரும் காட்டியதில்லை. அந்தக் கம்பெனியின் ஆவணங்களிலும் இல்லை. சொல் 1914 வாக்கிலேயே அச்சில் வந்துவிட்டது. கதை தலைகாட்டுவது 1930களில். பிள்ளை பிறந்து இருபது வருடம் கழித்து ஜாதகம் எழுதினால் அதை நம்புவீர்களா?

அதே போஸ்டரில் நடுவில் இரண்டு நட்சத்திரம் போட்டு ஒரு கெட்ட வார்த்தையும் இருந்தது. மூட்டை கட்டிய சாணத்தைக் கப்பலின் அடியில் வைத்தால் நனைந்து மீத்தேன் கிளம்பும், விளக்கோடு போனவன் வெடித்துச் சாவான், அதனால் மூட்டைமேல் 'ஷிப் ஹை இன் ட்ரான்சிட்' (உயரத்தில் வைத்து ஏற்று) என்று எழுதினார்களாம். அந்தச் சொல் பழைய ஆங்கிலத்திலேயே இருக்கிறது. ஜெர்மன் மொழியில் அதற்கு ஒரு தங்கச்சியும் உண்டு. ஆயிரம் வருடத்துக்கு முன்பு எவன் மூட்டையில் முதலெழுத்து எழுதினான்? முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல் செய்வது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுப் பழக்கம். 'அக்ரோனிம்' என்ற சொல்லே 1940களில்தான் ஆங்கிலத்தில் புழக்கத்துக்கு வந்தது. ஆக, ஒரு பழைய சொல்லுக்கு யாராவது முதலெழுத்து விளக்கம் கொடுத்தால் பாதிக்கு மேல் பொய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்ஓஎஸ்-ம் அதே கதிதான். 'சேவ் அவர் சோல்ஸ்' இல்லை, 'சேவ் அவர் ஷிப்'பும் இல்லை. மோர்ஸ் தந்தியில் மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி. இடைவெளி விடாமல் தட்டலாம், இரைச்சலிலும் காதுக்குத் தனியாகத் தெரியும், அவ்வளவுதான். 1905இல் ஜெர்மனி விதியாக்கியது, 1906இல் பெர்லின் மாநாடு ஏற்றுக்கொண்டது. விரிவாக்கமெல்லாம் பிறகு ஒட்டவைத்தது. கூடவே இன்னொன்று: ஆபத்தில் வானொலியில் கூப்பிடும் மேடே கப்பலில் பிறந்த சொல் இல்லை. 1923 வாக்கில் லண்டன் கிராய்டன் விமான நிலையத்தில் வானொலி அதிகாரியாக இருந்த ஃபிரெடரிக் மாக்ஃபோர்ட், பாரிஸ் விமானிகளுக்கும் புரியட்டும் என்று 'எனக்கு உதவு' என்கிற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து எடுத்தது.

பித்தளைக் குரங்குக் கதை தெரியுமா? கடுங்குளிரை ஆங்கிலத்தில் 'பித்தளைக் குரங்கின் குண்டுகளும் உதிரும் குளிர்' என்பார்கள். பீரங்கிக் குண்டுகளைக் கோபுரமாக அடுக்கும் பித்தளைத் தட்டுக்கு 'மங்கி' என்று பெயராம். குளிரில் தட்டு சுருங்கிக் குண்டுகள் உருண்டுவிடுமாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மீட்டர் தட்டு, 30 டிகிரி குளிர் இறங்குகிறது. பித்தளைக்கும் இரும்புக்கும் சுருக்கத்தில் வித்தியாசம் கால் மில்லிமீட்டர். கால் மில்லிமீட்டருக்கு உருளும் குண்டு, கப்பல் ஒருமுறை சாய்ந்தால் என்ன ஆகும்? ஆடுகிற தளத்தில் கோபுரம் அடுக்க கப்பல்காரன் பைத்தியமா? குழி வெட்டிய மரப்பலகையில்தான் குண்டுகளை வைத்தார்கள். போதாததற்கு, 1847இல் ஹெர்மன் மெல்வில் எழுதிய கடல் நாவலில் வெயிலில்தான் பித்தளைக் குரங்கின் மூக்கு உருகுகிறது. தட்டும் இல்லை, குண்டும் இல்லை.

சரி, உண்மையான கடல் சொற்களையாவது ஒழுங்காகப் புரிந்துகொள்கிறோமா? போதையில் தள்ளாடுபவனை 'த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட்' என்பார்கள். போஸ்டரில் 'மூன்று பாய்கள்' என்று எழுதியிருந்தது. ஷீட் பாய் இல்லை தம்பி, கயிறு! பாயின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் கயிறு. நம் தோணிக்காரர்கள் தாமான் என்பார்கள். கேடட்டாக இருந்தபோது பாய்ப்படகுப் பயிற்சியில் அந்தக் கயிற்றை நான் கைநழுவ விட்டிருக்கிறேன். பாய் ஈர வேட்டி மாதிரி படபடவென்று அடித்தது. படகு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே தள்ளாடியது. ஒரு கயிறு போனாலே அந்தக் கோலம் என்றால் மூன்றும் போனவன் வீடு போய்ச் சேருவானா?

அப்புறம் பத்திரிகை மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'பிட்டர் எண்ட் வரை போராடுவோம்' என்று ஒருவர் பேசினால், 'கசப்பான முடிவு வரை' என்று எழுதாதீர்கள். நங்கூர வடத்தைச் சுற்றிக் கட்டும் தூண்களுக்கு பிட்ஸ் என்று பெயர். அந்தப் பக்கம் கப்பலுக்குள்ளேயே தங்கிவிடும் வடத்தின் முனைதான் பிட்டர் எண்ட். கேப்டன் ஜான் ஸ்மித் 1627இலேயே இதை எழுதிவைத்திருக்கிறார். பைபிள் நீதிமொழிகளில் வரும் 'முடிவு எட்டியைப்போலக் கசக்கும்' என்ற வரியும் இதில் கலந்திருக்கலாம் என்று சில அகராதிக்காரர்கள் சொல்வார்கள், சொல்லட்டும். இப்போதும் சங்கிலி அறைக்குள் கட்டியிருக்கும் கடைசிக் கண்ணிக்கு அதே பெயர்தான். ஒருமுறை ஆழமான இடத்தில் நங்கூரம் போடும்போது, சங்கிலியை இறக்கும் விண்ட்லாஸ் இயந்திரத்தின் பிரேக் பிடிக்கவில்லை. சங்கிலியை ஷேக்கிள் கணக்கில் அளப்போம், 27.5 மீட்டருக்கு ஒரு ஷேக்கிள். ஐந்து, ஆறு, ஏழு என்று வெள்ளை அடையாளங்கள் கண்ணெதிரே பறக்கின்றன. துருத்தூள் செம்மண் புழுதி மாதிரி எழும்பி யார் முகமும் தெரியவில்லை. "பின்னால ஓடு!" என்று மாலுமிகளின் தலைவரான போசன் கத்துகிறார். எட்டாவதில் எப்படியோ பிடித்தது. கடைசிக் கண்ணி பிய்ந்துகொண்டு வந்திருந்தால் எதிரே நின்றவன் பிழைத்திருக்க மாட்டான். 'கடைசி வரை' என்று எழுதினால் போதும்.

போஸ்டரில் சரியாக இருந்த ஒன்பதில் எனக்குப் பிடித்தது ஸ்லஷ் ஃபண்ட். உப்புக்கண்டம் வேகும்போது மேலே மிதக்கும் கொழுப்பைக் கப்பல் சமையல்காரர் வழித்து வைத்து, கரையில் விற்றுத் தனியாக ஒரு காசு சேர்ப்பார். இன்றைக்கு அரசியல்வாதிகளின் கறுப்புப் பணத்துக்கு அந்தப் பெயர். கிராகியும் நிஜம்: கிராக்ரம் துணியில் மேலங்கி போட்டதால் 'ஓல்ட் கிராக்' என்று அழைக்கப்பட்ட அட்மிரல் வெர்னன், 1740இல் ரம்மில் தண்ணீர் கலக்க உத்தரவிட்டார். அந்தக் கலவைக்கு கிராக் என்று பெயர், அதைக் குடித்துத் தள்ளாடுபவன் கிராகி. 'டீ ஏ ஒன்' என்று கடையில் சொல்கிறோமே, அதுவும் கப்பல்தான். கப்பல்களைத் தரம் பிரிக்கும் லாய்ட்ஸ் பதிவேட்டில் எழுத்து கப்பலின் உடலுக்கு, எண் கயிறு, நங்கூரம் முதலான சாமான்களுக்கு. ஆனால் ஒளிவுமறைவு இல்லாததைச் சொல்லும் அபவ் போர்டு சீட்டாட்ட மேசையில் பிறந்தது. கப்பலில் போர்டு இருக்கிறதே என்று சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

நம் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. நாவாயிலிருந்து நேவி வந்தது என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. புறநானூற்றில் நாவாய் ஓடியது உண்மை. ஆனால் நேவி லத்தீன் நாவிஸிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. ஒலி ஒத்துப்போனால் உறவாகிவிடாது. நங்கூரமே பாரசீக லங்கரிலிருந்து நம்மிடம் வந்தது. பெருமைப்பட ஒன்று வேண்டுமா? கட்டமரான் இருக்கிறதே! சோழமண்டலக் கரைக் கட்டுமரங்களை வில்லியம் டாம்பியர் 1697இல் அச்சிலேற்றினார். பொய் சேர்க்கத் தேவையே இல்லை.

கேடட்களே, உங்களுக்குத் தனியாக. வேகத்தை 'நாட்ஸ் பெர் அவர்' என்று சொல்லாதீர்கள். நாட் என்றாலே மணிக்கு ஒரு கடல்மைல், 1.852 கிலோமீட்டர். ஃபார்வர்டு வந்தால் முதலில் தேதி கேளுங்கள்: சொல் எப்போது அச்சில் வந்தது, கதை எப்போது வந்தது? நல்ல அகராதியில் இரண்டு நிமிட வேலை. கப்பலுக்குக் கப்பல் பேசும் விஎச்எஃப் வானொலியில் மட்டும் மரபுத்தொடர் வேண்டவே வேண்டாம், கையெடுத்துக் கும்பிடுகிறேன். 2001இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு நிலையான தொடர்களை ஏற்றது இதற்காகத்தான். 'மே', 'மைட்' கூட அதில் சந்தேகத்துக்குரிய சொற்கள். என் எதிரிலேயே ஓர் இளம் அதிகாரி, "ஐ வில் கிவ் யூ எ வைட் பெர்த்" என்றார். நங்கூரமிட்ட கப்பல் சுற்றிவர விடும் இடம்தான் பெர்த். விலகிப் போகிறேன் என்று அர்த்தம். கடலிலேயே பிறந்த தொடர். ஆனால் துறைமுகத்தில் கப்பலை நிறுத்தும் இடத்துக்கும் பெர்த் என்றுதான் பெயர். எதிர்க் கப்பலிலிருந்து பதில் வந்தது: "விச் பெர்த், சார்? நாங்க இன்னும் துறைமுகத்துக்கே வரலையே." அடுத்த நான்கு நிமிடம் இரண்டு கப்பலும் நெருங்கிக்கொண்டே இருந்தன.

அந்தப் பையன் நேற்று போன் செய்தான். பதினொன்றையும் திருத்திவிட்டானாம். புதுப் போஸ்டர் தயார், ஆனால் மாட்ட இடமில்லை என்றான். பழையதை லேமினேட் செய்து வரவேற்பறையில் ஆணி அடித்து மாட்டிவிட்டார்களாம்.