காரணமறியாச் சிறார்பருவ மூட்டழற்சி: ஒரு நோய்ப்பெயரின் வேரும் தமிழும்

ஜுவனைல் இடியோபதிக் ஆர்த்ரைட்டிஸ் என்பது, 16 வயது நிறைவதற்குள் தொடங்கி, குறைந்தது 6 வாரம் நீடித்து, வேறு எந்தக் காரணத்தாலும் வந்ததாகக் காட்ட முடியாத மூட்டழற்சிக்கு வழங்கும் பெயர். மருத்துவர்கள் இதை ஜே.ஐ.ஏ. என்று சுருக்கிச் சொல்வார்கள். இந்நோயை உறுதிப்படுத்தத் தனியொரு இரத்தப் பரிசோதனை கிடையாது. பெயரின் ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய நிபந்தனை நிறைவேறினால்தான் நோய் உறுதியாகிறது.

ஆர்த்ரைட்டிஸ் கிரேக்கச் சொல். ஆர்த்ரோன் என்றால் மூட்டு. ஐடிஸ் என்ற ஈறு முதலில் ‘சார்ந்தது’ என்ற பொருளை மட்டுமே தந்தது. அழற்சி என்ற பொருள் அதற்குப் பிற்காலத்தில்தான் ஏறியது. தீயைக் குறிக்கும் அழல் என்னும் சொல்லிலிருந்து பிறந்த அழற்சி இவ்விடத்தில் மிகப் பொருத்தமானது. ஏனெனில் மருத்துவர் இரு முழங்கால்களிலும் புறங்கையை வைத்து ஒப்பிட்டுத் தேடுவது அந்தச் சூட்டையும், அதனோடு சேர்ந்த வீக்கத்தையும், அசைவுக் குறைவையுமே. வலியை மட்டும் நம்ப முடியாது. இரண்டு வயதுக் குழந்தை வலிக்கிறது என்று சொல்லாது. காலையில் எழுந்ததும் விந்தி விந்தி நடக்கும், தூக்கச் சொல்லிக் கை நீட்டும், பத்து மணிக்கெல்லாம் ஓடத் தொடங்கிவிடும். மூட்டு என்றதும் நம் பேச்சுவழக்கில் முழங்காலே நினைவுக்கு வந்தாலும், தாடை, மணிக்கட்டு, விரற்கணு ஆகியவையும் இதில் அடங்கும்.

இதை வாதம் என்று பெயர்த்தால் குழப்பம் மிகும். பக்கவாதம் மூளையின் இரத்தக்குழாய் சார்ந்தது, இளம்பிள்ளைவாதம் போலியோ, முடக்குவாதம் பெரியவர்களுக்கு வரும் ருமட்டாய்டு நோய். ருமட்டாய்டு என்பதன் வேரான ரியூமா ஒழுக்கைக் குறிக்கும். தலையிலிருந்து தீய நீர் வடிந்து உறுப்புகளில் தங்குவதாகப் பழங்காலத்தில் கருதினர். அச்சொல்லை மூட்டு நோய்க்கு உரியதாக்கியவர் பிரெஞ்சு மருத்துவர் கியோம் த பாய்யூ. அவருடைய நூல் அவர் மறைந்தபின் 1642இல் வெளிவந்தது. இரத்தத்தில் தேடும் ருமட்டாய்டு காரணி என்னும் எதிர்ப்பொருள், அதாவது நம் ஆய்வகங்களின் ‘ஆர்.ஏ. ஃபேக்டர்’, ஜே.ஐ.ஏ. உள்ள 20 குழந்தைகளில் ஏறத்தாழ ஒருவருக்கே இருக்கும். ஆகவே, அது இல்லை என்ற அறிக்கையைக் கண்டு நோயே இல்லை என்று வீடு திரும்புவது பெரும் பிழை.

சொற்களுள் மிகவும் உழைப்பது இடியோபதிக். இடியோஸ் என்றால் தனக்கே உரியது, பாதோஸ் என்றால் துன்பம். பிறிதொரு நோயின் விளைவாக அல்லாமல் தானே எழுவது என்பது பழைய பொருள். தான்தோன்றி என்பது சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தாலும், அடங்காதவனைத் திட்டும் சொல்லாகிவிட்டதால் நோயாளியின் தாளில் எழுதத் தகாது. காரணமறியா என்பதே இன்றைய மருத்துவப் பொருளுக்கு நெருக்கமானது. ஆனால் அந்தச் சொல்லை எழுதும் முன் சீழ்பிடித்த மூட்டு, காசநோய், இரத்தப் புற்றுநோய் ஆகியவை இல்லையென்று தெளிய வேண்டும். வீக்கம் குறைவாகவும் வலி கடுமையாகவும் இருந்து, இரவில் குழந்தையை எழுப்பினால், இரத்தப் புற்றுநோயை விலக்காமல் ஸ்டீராய்டு தொடங்கக் கூடாது. அம்மருந்து புற்றுநோயின் தடயங்களை மறைத்துவிடும்.

வாதக் காய்ச்சலும் விலக்க வேண்டியதே. தொண்டைப் புண்ணுக்குச் சில வாரங்கள் கழித்து வரும் அந்நோயில் வலி மூட்டுக்கு மூட்டு தாவிச் செல்லும், ஜே.ஐ.ஏ.யிலோ ஒரே மூட்டில் வாரக்கணக்கில் தங்கும். இரத்தப் பரிசோதனையில் ஏ.எஸ்.ஓ. என்னும் எதிர்ப்பொருளின் அளவு உயர்ந்திருப்பது, அந்தத் தொண்டைப் புண்ணுக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் தொற்று அண்மையில் வந்துபோனதை மட்டுமே காட்டும். அதைக் கொண்டே வாதக் காய்ச்சல் என முடிவுகட்டி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போடுவது நம் நாட்டில் அடிக்கடி நேர்கிறது. உடலின் சொந்தச் செல்கருவுக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் ஏ.என்.ஏ. இரத்தப் பரிசோதனையும் ஜே.ஐ.ஏ.யை உறுதிசெய்வதில்லை. நோய் உறுதியான குழந்தைக்கு, சிவப்போ வலியோ இன்றிக் கண்ணுக்குள் அழற்சி தோன்றும் வாய்ப்பு எவ்வளவு என்பதை அது சுட்டும். அதனால்தான் கண்ணுக்குள் ஒளிக்கீற்றைப் பாய்ச்சிப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் சோதனைக்குக் கண் மருத்துவரிடம் அனுப்புகிறார்கள்.

ஜுவனைல் என்பது இளமையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. லண்டனில் ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்டில் 1897இல் 22 குழந்தைகளின் நோயை விவரித்து, இது பெரியவர்களின் மூட்டுநோயிலிருந்து வேறுபட்டது என்று காட்டினார். பின்னர் அமெரிக்கர் ஒரு பெயரும் ஐரோப்பியர் வேறொரு பெயருமாக வழங்கி வந்ததை, 1990களில் பன்னாட்டு மூட்டுநோயியல் கழகங்களின் கூட்டமைப்பு இப்பெயரின் கீழ் ஒன்றாக்கியது. இன்று இதில் 7 வகைகள் உண்டு. இளையோர் என்று பெயர்த்தால் ஒரு வயதுக் குழந்தை விடுபடும். சிறார் என்பதைவிடச் சிறார்பருவம் என்பதையே நான் கொள்வேன். பெயர் குறிப்பது நோய் தொடங்கிய வயதை என்பதால், 25 வயதில் மருத்துவரிடம் வருபவரின் தாளிலும் அதே பெயர்தான் இருக்கும்.