மூணு என்குயரி, ஒரே கப்பல்

போன மாதம் ஒரு பட்டறை முதலாளி, வங்கிக்குக் கொடுக்க வேண்டிய புராஜெக்ட் ரிப்போர்ட்டோடு என் ஆபீசுக்கு வந்தார். ஓசூர் சிப்காட் பக்கம் நாலு சி.என்.சி. மெஷின், பன்னிரண்டு ஆட்கள். ஃபைவ் ஆக்ஸிஸ் மெஷின் ஒன்று வாங்க டெர்ம் லோன் வேண்டும், ஈடு சூளகிரிப் பக்கம் இருக்கும் மாந்தோப்பு. எதிர்பார்க்கும் விற்பனை என்ற கட்டத்தில் ‘கடற்படைக் கப்பல்’ என்று மூன்று வரிகள் இருந்தன.

“ஆர்டர் காப்பி எங்கீங்க?”

“ஆர்டர் மாதிரிதான் ஆடிட்டர் சார். மூணு இடத்துல ரேட் கேட்டிருக்காங்க, பாருங்க.”

போனை நீட்டினார். ஒரு மெயில் நேராகக் கப்பல் கட்டும் தளத்திலிருந்து வந்தது. மற்ற இரண்டும் வால்வு கம்பெனிகள் அனுப்பியவை. அந்தக் கம்பெனிகள் வேறு வேறு தளங்களுக்கு ரேட் கொடுப்பவை. மூன்றிலும் ஏறக்குறைய ஒரே வால்வு பாடி, ஒரே எண்ணிக்கை. அவர் மூன்றையும் கூட்டி விற்பனையாகப் போட்டிருந்தார். ஒரே கப்பலுக்கு மூன்று பேர் போட்டி போடுகிறார்கள், கட்டப்போவது ஒருவர்தான் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளில் ஓசூரும் ஒன்று என்று 2019 முதல் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். 2025 அக்டோபர் 23 அன்று ராணுவக் கொள்முதல் கவுன்சில் சுமார் 79,000 கோடி ரூபாய்க்கான திட்டங்களுக்கு ஒப்புதல் கொடுத்தது. அதில், அந்த மெயில்கள் ரேட் கேட்ட எல்.பி.டி. எனப்படும் லேண்டிங் பிளாட்ஃபார்ம் டாக் கப்பல்களும் இருந்தன. உடனே வாட்ஸ்அப்பில் “ஆர்டர் வந்தாச்சு” என்று ஓடியது. வந்தது ஏ.ஓ.என்., அதாவது ‘இது தேவைதான்’ என்று அரசு ஒப்புக்கொள்ளும் முதல் படி. அதற்குப் பிறகுதான் டெண்டர், தொழில்நுட்பப் பரிசீலனை, விலை திறப்பு, பேரம், மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல், ஒப்பந்தம் எல்லாம். ஒப்பந்தம் ஆன பிறகும் வரைபடம் முடிந்து, பிளேட் வெட்டி, குழாய் வேலைக்கு வரும்போதுதான் வால்வின் ஞாபகம் வரும்.

இந்தக் கப்பலின் தேவை உண்மையானது. பின்பக்கம் ஒரு பெரிய தொட்டி மாதிரி இருக்கும். பேலஸ்ட் தொட்டிகளில் கடல்நீரை ஏற்றினால் கப்பலின் வால் தாழும், அந்தப் பெரிய தொட்டிக்குள் தண்ணீர் புகும், உள்ளே இருக்கும் படகுகள் டாங்கியோடும் ஆட்களோடும் மிதந்து வெளியே போகும். துறைமுகமே இல்லாத கரையில் இறங்கலாம். நம் கடற்படையிடம் இந்த வகையில் இருப்பது ஐ.என்.எஸ். ஜலாஷ்வா ஒன்றுதான். அமெரிக்காவில் 1971-ல் பணிக்கு வந்த கப்பலை 2007-ல் வாங்கினார்கள். 2020 கொரோனா சமயத்தில் கொழும்பிலிருந்து 685 பேரைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து சேர்த்தது இதுதான். ஐம்பது வயதைத் தாண்டிய கப்பல் ஒன்றை வைத்துக்கொண்டு இவ்வளவு நீளக் கரையைப் பார்க்கிறோம்.

தேவை இருந்தால் ஆர்டர் வந்துவிடுமா? பழைய கதையைப் பாருங்கள். 2013 இறுதியில் நாலு எல்.பி.டி.க்கு டெண்டர் போனது. எல் அண்ட் டி, பிபாவாவ், ஏ.பி.ஜி. என மூன்று தனியார் தளங்கள் களத்தில். முதலில் போட்ட திட்டப்படி, ஜெயிப்பவர் இரண்டு கட்ட வேண்டும், அதே விலைக்கு விசாகப்பட்டினத்து ஹிந்துஸ்தான் ஷிப்யார்டு இரண்டு கட்டும். தேதி தள்ளித் தள்ளிப் போனது. ஏ.பி.ஜி.யைக் கலைக்க 2019-ல் உத்தரவானது. பிபாவாவ் தளம் வேறு பெயருக்கு மாறி, 2020-ல் திவால் நடவடிக்கைக்குள் போனது. அந்த டெண்டரும் 2020-ல் திரும்பப் பெறப்பட்டது. 2021-ல் மறுபடி தகவல் கோரிக்கை, அதாவது முதல் பக்கத்திலிருந்து.

அந்த ஏழு வருடத்தையும் ஒரு கிளையண்டின் பேலன்ஸ் ஷீட்டில் பார்த்தவன் நான். ரேட் கேட்டதை நம்பி ஷெட் போட்டார். பிறகு அந்த ஷெட்டின் பாதி தக்காளி கிரேட் அடுக்க வாடகைக்குப் போனது. வட்டி மட்டும் ஒரு மாதமும் தள்ளிப்போகவில்லை.

ரேட் கேட்டால் கொடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை, கொடுங்கள். ஆனால் தளம் தன் விலையை ஒரு வருடத்துக்கு மேலும் நிறுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். உங்கள் ஸ்டீல்காரரோ ஒரு வாரத்துக்குத்தான் விலை சொல்வார். கொட்டேஷனில் செல்லுபடி நாளையும், அதற்குப் பிறகு மூலப்பொருள் விலை ஏறினால் எந்த அடிப்படையில் கூட்டுவீர்கள் என்பதையும் எழுதாமல் அனுப்பினால், மத்தியில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

இன்னொரு விஷயம், இது ஆடிட்டர் பேசக்கூடாத விஷயம் என்று பட்டறையில் சிரிப்பார்கள். ஆட்டோ பார்ட்ஸ் வேலையில் நம் ஆட்கள் கெட்டி. கப்பல் வேலையில் அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. எந்த உருக்கிலிருந்து வந்த பீஸ் இது என்று ஹீட் நம்பர் கடைசி வரை கூடவே வரவேண்டும். ஒரு பட்டறையில் பீஸ் பளபளவென்று இருக்கட்டும் என்று பையன் கிரைண்டர் போட்டு ஹீட் நம்பரையே தேய்த்துவிட்டான். பஞ்ச் அடித்து மாற்றிப் பதியும் பழக்கமும் அங்கே இல்லை. மைக்ரான் சுத்தமான நாற்பது பீஸ், இன்ஸ்பெக்டர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அந்த நாற்பதும் ஸ்கிராப் விலைக்குப் போனது.

பணம் வரும் வழியையும் முன்பே பேசிவிடுங்கள். “நேவி எங்களுக்குக் கொடுத்ததும் உங்களுக்கு” என்ற வரி பர்ச்சேஸ் ஆர்டரில் இருந்தால் கையெழுத்துக்கு முன் கேள்வி கேளுங்கள். உத்யம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்தில் எத்தனை நாள் போட்டாலும் சட்டப்படி 45 நாள்தான் உச்சம். எழுத்தே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கில் கூட்டு வட்டி. வருமான வரிச் சட்டப்படி, அப்படி இழுத்தடித்த தொகையை வாங்குபவர் கொடுத்த வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். மார்ச் மாதத்தில் இதை நினைவுபடுத்தினால் சில அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட்கள் அதிசயமாகச் சுறுசுறுப்பாகும்.

யார் ஜெயிப்பார்கள் என்று பந்தயம் கட்டவும் வேண்டாம். நீர்மூழ்கி எதிர்ப்புக் கப்பல்கள் எட்டுக்கான ஒப்பந்தம் 2019-ல் கொல்கத்தாவின் அரசுக் கப்பல் தளமான ஜி.ஆர்.எஸ்.இ.க்குக் கிடைத்தது. ஆனால் அதில் முதலாவதான ஐ.என்.எஸ். அர்னாலா உருவானது நம் சென்னைக்குப் பக்கத்துக் காட்டுப்பள்ளியில், எல் அண்ட் டி தளத்தில். டெண்டர் ஒருவர் பெயரிலும் வேலை இன்னொருவர் இடத்திலும் நடக்கும். ஆகவே ஒரு தளத்தோடு ஒட்டிக்கொண்டு மற்றவரின் வெண்டர் பதிவை விட்டுவிடாதீர்கள்.

நம்மவர் விஷயத்துக்கு வருகிறேன். அந்த மூன்று வரியையும் அடித்துவிட்டுக் கணக்குப் போட்டோம். இப்போது கையில் இருக்கும் ஆட்டோ வேலையை மட்டும் வைத்தால் தவணை கட்ட வரவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அப்ப அந்த இன்ஸ்பெக்ஷன் பேப்பரையாவது முதல்ல சரி பண்ணிக்கறேங்க” என்றார். நேற்று போன் செய்தேன். பீஸின் அளவைத் துல்லியமாகச் சரிபார்க்கும் சி.எம்.எம். மெஷின் ஒன்று செகண்ட் ஹேண்டில் விலைக்கு வருகிறதென்று பெங்களூரு பீன்யாவுக்குப் போயிருந்தார்.