மார்ச் மாதத்தில் ஏரி தூர்வார முடியாது

மார்ச் முதல் வாரம் மஞ்சக்குப்பத்தில் உள்ள எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் தலைக்கு மேல் வேலை இருக்கும். அப்போதுதான் ஓர் அறக்கட்டளைக்காரர் இனிப்புப் பெட்டியோடு வந்தார். ஊர் ஏரியைத் தூர்வார ஒரு நிறுவனம் 8 லட்சம் கொடுத்திருக்கிறது. மார்ச் 31-க்குள் செலவழித்து, பணம் சொன்ன வேலைக்கே செலவானது என்று பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டுமாம். அதற்கு என் கையெழுத்து வேண்டும்.

"ஏரியில் இப்போது எவ்வளவு தண்ணீர் சார்?" என்றேன்.

"இடுப்பளவு இருக்கும்."

கடலூர்ப் பக்கத்துச் சிற்றேரிகள் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. (வீராணம் வேறு கதை, அதற்கு வடவாற்றில் காவிரித் தண்ணீரும் வரும்.) அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிரம்பினால், தரை காய்ந்து பொக்லைன் இறங்க மே, ஜூன் ஆகிவிடும். நிறுவனங்களுக்கோ ஆண்டு மார்ச்சோடு முடிகிறது. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவில் வருகிற நிறுவனங்கள், முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பலருக்கு அது பிப்ரவரியில்தான் நினைவுக்கு வரும். தொண்டு நிறுவனத்தின் கணக்கில் பணம் ஏறினால் மட்டும் செலவாகிவிடாது, அவர்கள் செலவழித்த பிறகுதான் கணக்கு. அதனால்தான் இந்த அவசரம். கடைசியில் என்ன நடக்கும்? வெட்டாத மண்ணுக்கு பில் வரும். அதில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

இதற்கு விதியிலேயே வழி இருக்கிறது, கேட்பவர்கள்தான் குறைவு. ஓராண்டில் முடியாத வேலையை, காரணம் சொல்லி, நிறுவனத்தின் இயக்குநர் குழு 'தொடர் திட்டம்' ஆக்கலாம். மீதிப் பணத்தை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, 3 நிதியாண்டுக்குள் செலவழிக்கலாம். ஆனால் வேலை அந்த ஆண்டே தொடங்கியிருக்க வேண்டும். அந்த நிறுவனத்தின் கணக்கு மேலாளரிடம் நானே பேசினேன். குழு ஒப்புக்கொண்டது. ஏரியில் தண்ணீர் நின்றால் என்ன, வரத்து வாய்க்கால் காய்ந்துதானே கிடக்கிறது? மார்ச்சிலேயே அதில் முள் வெட்ட ஆரம்பித்தார்கள். மீதிப் பணம் திரும்பிப் போய் அந்தத் தனிக் கணக்கில் உட்கார்ந்தது.

அனுமதி வாங்கவும் அந்த இடைவெளி உதவியது. ஏரி நீர்வளத் துறையுடையதா, ஊராட்சி ஒன்றியத்துடையதா என்று முதலில் பார்க்க வேண்டும். வண்டலை வெளியே எடுக்கத் தனி அனுமதி வேண்டும். அது இல்லாமல் டிராக்டர் ரோட்டில் மாட்டினால் மண் திருட்டு வழக்குதான்.

அப்புறம் ரொக்கம். பொக்லைன்காரர் கையில் காசு கேட்பார், டீசலுக்கு உடனே வேண்டும் என்பார். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், வருமான வரிக் கணக்கில் அது அறச்செலவாகவே சேராது. வேலை நிஜமாக நடந்திருந்தாலும் சரி, சேராது. வங்கி வழியாகக் கொடுங்கள். எந்த வண்டி, எத்தனை மணி நேரம் ஓடியது என்று ஒரு நோட்டில் எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

வெளிநாட்டு நிதி வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றிவிட முடியாது. புதுச்சேரியில் பெரிய அமைப்பு வாங்கி, கிராமத்துச் சங்கத்துக்குப் பிரித்துக் கொடுத்த பழைய பழக்கம் இனி நடக்காது.

ஜூனில் பொக்லைன் இறங்கியது. ஆனால் வெட்டிய கரையில் அடுத்த மழைக்கே சீமைக்கருவேலம் முளைத்துவிடும். அதைப் பிடுங்கப் பணம் கேட்டால் யாரும் தருவதில்லை, போட்டோவில் எடுப்பாக வராதே! அதனால் பராமரிப்பையும் வரவுசெலவுத் திட்டத்தில் எழுதச் சொன்னேன். இரண்டு வருடத்துக்கு 60 ஆயிரம் கேட்டார்கள். பேரம் பேசி 40 ஆயிரம் கிடைத்தது.