கலாச்சார அதிர்ச்சியா, பண்பாட்டு இணக்க நெருக்கீடா?

போன மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு மனநல விளக்கக் கூட்டம். தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே உணவகத்திலும் முடிதிருத்தும் கடையிலும் வேலை பார்க்கும் தம்பிகளுக்காக நடத்தினார்கள். நல்ல காரியம். ஆனால் கொடுத்த தாளில் ‘அக்கல்ச்சரேட்டிவ் ஸ்ட்ரெஸ்’ என்பதற்குக் ‘கலாச்சார அதிர்ச்சி’ என்று போட்டிருந்தது. இந்த ஆண்டில் மூன்றாவது முறையாக இதைப் பார்க்கிறேன்.

வேற்று நாட்டின் மொழி, சாப்பாடு, சட்டம், பழக்கவழக்கம் எல்லாவற்றோடும் பொருந்திப்போக முயலும்போது மனத்தில் சேரும் நெருக்குதல்தான் ‘அக்கல்ச்சரேட்டிவ் ஸ்ட்ரெஸ்’. ‘ஸ்ட்ரெஸ்’ என்பதன் இலத்தீன் வேர் இறுக்குதலைக் குறிக்கும். ‘கல்ச்சர்’ உழவிலிருந்து வந்தது. நம் பண்பாடும் நிலத்தைப் பண்படுத்துவதோடு உறவுள்ள சொல். அது இருக்கக் கலாச்சாரம் எதற்கு?

அதைவிடப் பெரிய தவறு ‘அதிர்ச்சி’. அது ‘கல்ச்சர் ஷாக்’ என்ற வேறு சொல்லின் மொழிபெயர்ப்பு. கலெர்வோ ஓபர்க் என்ற மானிடவியலாளர் 1950களில் பரப்பியது. கனடா உளவியலாளர் ஜான் பெரி அதைவிட ‘அக்கல்ச்சரேட்டிவ் ஸ்ட்ரெஸ்’ பொருத்தம் என்றார். காரணமும் சொன்னார்: ‘ஷாக்’ என்றால் நோய் வாடை அடிக்கிறது, சிக்கல் ஒரு பண்பாட்டுக்குள் இல்லை, இரண்டு பண்பாடுகள் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. அவர் தள்ளிவைத்ததையே நம் மொழிபெயர்ப்பாளர்கள் தேடி எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

அதிர்ச்சி என்றால் தமிழ்க் காதுக்கு மின்சாரம், சாவுச் செய்தி. ஒரு நொடியில் அடித்துவிட்டுப் போவது. இந்தத் தம்பிகளுக்கு நடப்பது அப்படியா? ஓர் அறையில் ஆறு பேர். கிளினிக்கில் மலாய் புரியாமல் விழிப்பது. தீபாவளிக்குக் கைப்பேசியில் பிள்ளை முகம் பார்ப்பது. ரப்பர் மரத்தில் கட்டிய மங்கில் பால் சேர்வது மாதிரி சொட்டுச் சொட்டாகச் சேருவது இது.

கூட்டத்தில் “யாருக்காவது கலாச்சார அதிர்ச்சி இருக்கா?” என்று கேட்டபோது ஒருவரும் கை தூக்கவில்லை. அப்புறம் வெளியே தேநீர் குடிக்கையில் ஒரு தம்பியிடம் “ஊர் ஒட்டுச்சாப்பா?” என்றேன். “எங்கண்ணே ஒட்டுது” என்று ஆரம்பித்தவர் அரை மணி நேரம் பேசினார். 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை ஆள் சேர்க்கும் கங்காணி வழியாக மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் வந்துகொண்டிருந்ததே, அப்படி வந்தவர் என் பாட்டி. அவர் “மண்ணு ஒத்துக்கல” என்பார். சொல் நம்மிடம் எப்போதோ இருந்திருக்கிறது.

சரி, ‘பண்பாட்டு மன அழுத்தம்’ என்று சொன்னால் என்ன குறை என்று கேட்பார்கள். மன அழுத்தத்தை நாளிதழ்கள் ‘ஸ்ட்ரெஸ்’ஸுக்கும் போடுகின்றன, ‘டிப்ரெஷ’னுக்கும் போடுகின்றன. ஒன்று வாழ்க்கை தரும் நெருக்குதல், மற்றது மருத்துவம் வேண்டிய மனச்சோர்வு. மலாயில் நெருக்குதலுக்குத் தெக்கானான், மனச்சோர்வுக்குக் கெமுருங்கான் என்று வேறு வேறு சொல் இருக்கிறது. நமக்கு மட்டும் ஏன் இரண்டுக்கும் ஒரே சட்டை? எது தனக்கு என்று தெரியாதவர் எப்படி உதவி கேட்பார்?

ஈழத்து உளநல எழுத்தில் இதற்கு ‘நெருக்கீடு’ என்ற சொல் நன்றாகப் புழங்குகிறது. இறுக்குதல் என்ற மூலப்பொருளும் அதில் அப்படியே இருக்கிறது. ஆகவே ‘பண்பாட்டு இணக்க நெருக்கீடு’ என்பதே சரி. நீளம்தான், ஆனால் தப்பான நோயைச் சொல்லாது.

தாளை மறுபடி அச்சடிக்கப் போகிறார்களாம். தலைப்பில் இதைப் போட்டு, கீழேயே ‘ஊர் ஒட்டாத தவிப்பு’ என்று ஒரு வரி சேருங்கள். அச்சுக்குப் போகுமுன் அந்தத் தம்பிகளில் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.