ஆங்கிலத்தில் ‘ஆர்’ (or, அல்லது) என்றால் இரண்டில் ஒன்று மட்டும்தானா?

‘டூ வீலர் ஆர் கார் லைசென்ஸ் வேண்டும்’ என்று வேலை விளம்பரம் வந்தால், இரண்டும் வைத்திருப்பவரை யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். ஓட்டல் மெனுவில் ‘சூப் ஆர் சாலட்’ என்றிருந்தால் கதை வேறு. இரண்டையும் கேட்டால் பில் ஏறும்.

மொழியியலில் பலரும் ஏற்கும் விளக்கம் இது: ‘ஆர்’ தன்னளவில் சொல்வது ‘குறைந்தது ஒன்று’ என்பதை மட்டுமே. இரண்டும் உண்டென்றால் ‘ஆண்ட்’ போட்டிருப்பாரே, போடவில்லை, அப்படியானால் ஒன்றுதான் போல என்று மிச்சத்தை ஊகித்துக்கொள்வது கேட்பவர்தான். தத்துவ அறிஞர் பால் கிரைஸ் 1967இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகள் இத்தகைய ஊகங்களைத்தான் அலசின.

அது ஊகம்தான் என்பதை எதிர்மறை வாக்கியம் காட்டிக்கொடுத்துவிடும். ‘ஐ டோன்ட் ட்ரிங்க் டீ ஆர் காஃபி’ என்பவர் இரண்டையும் தொடுவதில்லை. ‘ஒன்று மட்டும்’ என்பது சொல்லிலேயே இருந்திருந்தால், இரண்டையும் குடிப்பவரும் இதைத் தாராளமாகச் சொல்லலாம்! யாரும் சொல்வதில்லை.

கேள்வியில் வேலையைக் குரல் எடுத்துக்கொள்கிறது. ‘டு யூ வான்ட் டீ ஆர் காஃபி?’ என்பதில் கடைசி வரை குரல் ஏறினால், ஏதாவது குடிக்கிறீர்களா என்று பொருள். ‘யெஸ்’ என்றாலே போதும். ‘டீ’யில் ஏறி ‘காஃபி’யில் இறங்கினால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமிழில் இதற்குக் குரலை நம்ப வேண்டியதில்லை. ‘டீயோ காபியோ வேணுமா?’, ‘டீயா காபியா?’ என்று விகுதியே பிரித்துவிடுகிறது.

எழுத்தில் குரல் ஏது? அங்கேதான் வம்பு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலச் சட்டம் ஓவர்டைம் கிடைக்காத வேலைகளைப் பட்டியலிட்டு, ‘பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்’ என்று முடித்திருந்தது. ‘ஆர்’ முன்னால் கமா இல்லை. அனுப்பவோ விநியோகிக்கவோ பேக் செய்வது என்ற ஒரே வேலையா, இல்லை பேக்கிங் தனி, விநியோகம் தனியா? ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனத்தின் லாரி ஓட்டுநர்கள் சரக்கை விநியோகித்தார்கள், பேக் செய்யவில்லை. பட்டியலில் இருப்பது பேக் செய்யும் ஒரே வேலைதான், அதனால் தங்களுக்கு ஓவர்டைம் உண்டு என்று வழக்காடினார்கள். சட்டம் தெளிவாக இல்லை என்று சொன்ன மேல்முறையீட்டு நீதிமன்றம், 2017இல் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2018இல் நிறுவனம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. மாநிலமும் அந்தப் பட்டியலைத் திருத்தியது: வேலைக்கு வேலை அரைப்புள்ளி, ‘டிஸ்ட்ரிபியூஷன்’ இருந்த இடத்தில் ‘டிஸ்ட்ரிபியூட்டிங்’. ‘ஆர்’ மட்டும் அப்படியே இருக்கிறது.